சோகத்தைக் கிறுக்கிக் காட்டியவர்கள்

'கிறுக்கு' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை இருக்கிறது. கொப்பியின் ஓரத்தில் ஒழுங்கில்லாமல் கோடு இழுத்தால் அது கிறுக்கல். நாங்கள் பேச்சில் விசர், பைத்தியம் என்று சொல்வதைத் தமிழ்நாட்டுக்காரர் கிறுக்கு என்பார்கள். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையா என்ற சொல்லாராய்ச்சி இங்கே வேண்டாம். கைக்கு அடங்காத கோட்டுக்கும் கட்டுக்கு அடங்காத மனதுக்கும் ஒரே சொல்லை நம் மொழி வைத்திருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஏனென்றால் இந்தக் கட்டுரை அந்த இரண்டும் சந்திக்கிற ஓர் இடத்தைப் பற்றியது. தன் கவலையையும், தன்மேலேயே தனக்குள்ள நம்பிக்கையீனத்தையும், பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்படி குச்சி மனிதர்களாகக் கிறுக்கிக் காட்டுகிற ஒரு வரைவு முறை கடந்த நூறாண்டுக்குள் வளர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் இருண்ட சிரிப்பு. சிரித்து முடிந்த பிறகு, "இதற்கா சிரித்தேன்?" என்று கேட்க வைக்கிற வகை.

இதைக் கேலிச்சித்திரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேலிச்சித்திரம் நமக்குப் பழக்கமானது. ஜிப்ரி யூனூஸ் 'அத்த' பத்திரிகையில் வரைந்தவை அரசாங்கத்தைப் பார்த்து நீட்டிய விரல். 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித்தம்பரும் மைனர் மச்சானும் ஊரைப் பார்த்து நீட்டிய விரல். இரண்டிலும் விரல் வெளிப்பக்கம் நீளுகிறது. நான் சொல்லவருகிற கிறுக்கல்களில் விரல் வரைகிறவரின் நெஞ்சைத்தான் தொடும். அங்கே தலைவரும் இல்லை, ஊர்ப் பணக்காரரும் இல்லை. விடிந்து வெகுநேரமாகியும் கட்டிலை விட்டு எழும்ப முடியாத ஓர் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஞாபகம் வராமல் இருக்காது. எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகை முதலாவது, அழுகை இரண்டாவது, இளிவரல் மூன்றாவது. சிரிப்புக்குப் பக்கத்து வீடு அழுகை. அதற்கு அடுத்த வீடு தாழ்வுணர்வு. அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் ஒன்று 'அசைவு'. பழைய நிலை கெட்டு, தான் வேறொருவராகி வருந்துவது என்று அதற்குப் பேராசிரியர் பொருள் சொல்கிறார். இன்றைக்கு மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்வதை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் இந்தச் சொல்லைத்தான் எடுப்பேன். நகைக்குரிய காரணங்களில் முதலாவதான எள்ளலையும் அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது மற்றது. தன்னைத் தானே எள்ளிச் சிரிப்பதை அவர் தனியாக வகுக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்தக் கிறுக்கல்காரர்கள் குடியேறியிருக்கிறார்கள்.

முன்னோடிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரான்ஸ் காஃப்காவின் கதைகளைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் வரைந்தார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. மெலிந்த, கறுத்த, மூட்டு கழன்ற மனிதர்கள். ஒருவன் மேசையில் தலையைப் போட்டுக் கிடப்பான். பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தப் படங்கள் 2021இல்தான் முழுமையாக ஒரு நூலாக வெளிவந்தன. அமெரிக்காவின் ஜேம்ஸ் தர்பர் சிறு வயதில் அம்பு விளையாட்டில் ஒரு கண்ணை இழந்தவர். அவர் பென்சிலால் கிறுக்கி எறிந்த படங்களை, ஒரே அறையில் வேலை செய்த எழுத்தாளர் ஈ. பி. வைட் பொறுக்கி எடுத்து மை பூசிப் பத்திரிகைக்கு அனுப்பினார். 1929இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலோடு அந்தக் கிறுக்கல் அச்சேறியது. தர்பரின் ஆண்கள் எல்லோரும் மாவில் பிசைந்து அடுப்பில் வைக்க மறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்; மனைவிக்கும் பயம், நாய்க்கும் பயம், தங்களுக்கும் பயம்.

சார்ள்ஸ் ஷுல்ஸ் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியவர். அவருடைய 'பீனட்ஸ்' சித்திரத் தொடர் 1950 ஒக்டோபர் 2இல் தொடங்கி 2000 பெப்ரவரி 13இல் முடிந்தது. மொத்தம் 17,897 துண்டுகள், அத்தனையும் அவர் கையாலேயே வரைந்தவை. கடைசித் துண்டு அச்சாவதற்கு முதல் நாள் இரவு அவர் மௌத்தாகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆண்டு மலருக்கு அவர் கொடுத்த படங்களைச் சேர்க்கவில்லை. அந்தப் புண்ணை அவர் கடைசிவரை மறக்கவும் இல்லை. அவருடைய கதாநாயகன் சார்லி பிரவுண் வட்டத் தலையும் இரண்டு புள்ளிக் கண்ணும் கொண்ட ஒரு பையன். காற்றாடி விட்டால் மரத்தில் சிக்கும். பந்தை உதைக்க ஓடிவந்தால் லூசி என்ற பிள்ளை பந்தை இழுத்துக்கொள்வாள், இவன் மல்லாந்து விழுவான். இதே விழுகை வருஷா வருஷம்.

அந்த லூசி 1959இல் ஒரு பெட்டிக்கடை போடுகிறாள். தேசிக்காய்த் தண்ணி விற்கிற கடை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அங்கே விற்பது மனநல ஆலோசனை, கட்டணம் ஐந்து சதம். சார்லி பிரவுண் வந்து தனக்கு ஆழமான மனச்சோர்வு இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறான். அதை உதறிவிட்டு வெளியே வரச் சொல்கிறாள். சொல்லிவிட்டு உடனே காசு கேட்கிறாள். சிறு பிள்ளைகளின் சித்திரக்கதை என்று நினைத்து இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு, வைத்தியம் தெரியாதவர்கள் கொடுக்கிற வைத்தியத்தை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு சரியாகக் காட்டிய வேறொன்றை ஞாபகமில்லை.

இனி இந்தக் கட்டுரையின் நடு விஷயத்துக்கு வருகிறேன். அலி புரோஷ். பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைக்க வேண்டாம். 1985இல் பிறந்த அமெரிக்கப் பெண். 2009 முதல் கதையும் படமுமாக வெளியிட்டு வந்தவற்றைத் தொகுத்து 2013இல் 'ஹைப்பர்போலி அன்ட் எ ஹாஃப்' என்ற புத்தகமாக்கினார். ஹைப்பர்போலி என்றால் அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சி. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒன்றரை உயர்வு நவிற்சி' என்று வரும். புத்தகம் அமெரிக்காவில் மிக நன்றாக விற்றது. அதன் பெரும்பகுதி வேடிக்கை: புத்தி மட்டான ஒரு நாய், சின்ன வயதில் கேக்கைத் திருடித் தின்ற கதை, வீட்டைத் துப்புரவாக்கப் போய்க் களைத்து விழுந்த கதை. ஆனால் நடுவில் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. முதலாவது 2011 ஒக்டோபரில் வந்தது. அதன் பிறகு ஒன்றரை வருஷம் அவரிடமிருந்து பெரிதாக எதுவும் வரவில்லை. 2013 மேயில் இரண்டாவது வந்தது. இரண்டும் அவருக்கு வந்த மனச்சோர்வு நோயைப் பற்றியவை.

முதலில் படம். புரோஷ் தன்னை வரைகிற விதம் இதுதான்: குழாய் மாதிரிக் கையும் காலும், ஓர் இளஞ்சிவப்புச் சட்டை, தலைக்கு மேலே மஞ்சள் கூம்பு ஒன்று (அது குடுமியாம்), முகத்தின் பாதியைப் பிடித்துக்கொண்ட இரண்டு கண்கள். கணினியில் பிள்ளைகள் விளையாடுகிற சாதாரண வரைதல் மென்பொருளில் வரைந்தது. "இதை என் மகளும் வரைவாளே" என்று சொல்லத் தோன்றும். வரைய மாட்டாள். அந்தக் கண்மணி கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தால் பயம், அந்தப் பக்கம் நகர்ந்தால் அசட்டுத் துணிச்சல், இமைக்கோடு அரைவாசி இறங்கினால் எதிலும் பிடிப்பற்ற நிலை. இந்த நுணுக்கத்துக்காக ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பவர் அவர். தன் உண்மையான முகத்தை விட இந்த அலங்கோலமான உருவந்தான் தனக்குச் சரியாகப் பொருந்துகிறது என்ற கருத்தில் ஒரு பேட்டியிலும் பேசியிருக்கிறார். தன்னைப் பற்றிய தாழ்வுணர்வுள்ள ஒருவர் தன்னை அழகாக வரைந்தால் அது பொய். பரிதாபமாக வரைந்தால் அனுதாபம் தேடுவது. கோணலாக, அபத்தமாக வரையும்போது இரண்டிலிருந்தும் தப்பிவிடலாம். கோடு கோணலாக இருப்பது இங்கே கையின் குறைபாடல்ல, சொல்லவந்த விஷயத்தின் ஒரு பகுதி.

முதலாவது அத்தியாயம் ஒரு கேள்வியிலிருந்து புறப்படுகிறது: ஒரு காரணமும் இல்லாமல் ஒருவர் சோகமாக இருக்கலாமா? யாராவது மரணித்திருந்தால், வியாபாரம் நட்டப்பட்டிருந்தால் சோகத்துக்கு ஓர் அத்தாட்சி இருக்கும். இவருக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் சும்மா வந்து உட்கார்ந்துகொண்டது. காரணமில்லாத சோகத்துக்காக அவர் தன்மேலேயே கோபப்படுகிறார். படத்தில் இரண்டு புரோஷ்கள் வருவார்கள். ஒருத்தி கட்டிலில் கிடப்பாள், மற்றவள் மேலே நின்று திட்டுவாள். ஏசி ஏசித் தன்னை எழுப்பப் பார்க்கிறார். ஏச்சு கூடக் கூட கட்டிலில் கிடப்பவள் இன்னும் சின்னதாகிறாள். பிள்ளைகளை ஏசித் திருத்தலாம் என்று நம்புகிற எங்கள் உத்தியோகத்துக்காரர்கள் இந்தப் பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

பிறகு எல்லா உணர்ச்சியும் அற்றுப் போகிறது. அழுகையும் வராது, வெட்கமும் வராது. வெட்கம் போனதும் ஒரு விசித்திரமான துணிச்சல் வருகிறது. அழுக்குப் பிடித்த தொப்பிச் சட்டையோடு சைக்கிளில் ஏறி வீடியோ கடைக்குப் போகிறார், ஒரு பெரிய வீரர் போருக்குப் போகிற மாதிரி. யார் என்ன நினைத்தாலும் அவருக்கு இனிப் படாது. படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. அந்தச் சிரிப்புக்குள்தான் இருட்டு இருக்கிறது. ஏனென்றால் அந்த வீரம் குணமானதன் அடையாளமல்ல, உள்ளே எல்லாம் காலியானதன் அடையாளம்.

இரண்டாவது அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. உவமையியலைப் பல வருஷங்கள் படிப்பித்த எனக்கு, உவமை என்ன வேலை செய்யும் என்பதற்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. ஒருவரிடம் கொஞ்சம் மீன்கள் இருந்தன, அவை செத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மற்றவர்களிடம் போய் என் மீன்கள் செத்துவிட்டன என்கிறார். ஒருவர், வாங்க தேடிப் பார்ப்போம், எங்கேயாவது இருக்கும் என்கிறார். மீன் தொலையவில்லை, இதோ கையில் இருக்கிறது, செத்திருக்கிறது. இன்னொருவர், அவை உயிரோடு வர இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று வழி சொல்கிறார். இன்னொருவர், மீன் எவ்வளவு அழகானது தெரியுமா என்று தொடங்குகிறார். செத்த மீன் என்பது உணர்ச்சி. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் உதவத்தான் வருகிறார்கள். ஆனால் சொல்லப்பட்ட செய்தியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீடுகளில் இந்த மீன் உரையாடல் எப்படி நடக்கும் என்று நான் எழுதிக் காட்டத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "உங்களுக்கு என்ன குறை? அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் இருக்கே." "ஒழுங்காத் தொழுதா எல்லாம் சரியாப் போகும்." "கண்ணூறு பட்டிருக்கு, தண்ணி ஓதிக் குடிங்க." "கலியாணம் ஒண்ட முடிச்சு வெச்சாப் புள்ள சரியாயிடும்." தொழுகையும் துஆவும் மனதுக்கு மருந்தல்ல என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். லூசியின் ஐந்து சதக் கடை மாதிரி, கேட்கிறவரின் வாயை மூடுவதற்கு அவற்றைப் பாவிக்கும்போதுதான் கரைச்சல். சோகம் என்றாலே ஈமான் குறைவு என்று முடிவு கட்டுகிறவர்கள், சூறா யூசுபில் யஃகூப் நபியைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதை என்ன செய்வார்கள்? மகனைப் பிரிந்த துக்கத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப் போயின. இதையே நினைத்து நினைத்து அழிந்து போகப் போகிறீர்கள் என்று கடிந்துகொண்டவர்களும் வெளியாட்களல்ல, வீட்டுக்காரர்கள். ரசூலுல்லாஹ்வின் சீறாவில் ஓர் ஆண்டுக்கே துக்க ஆண்டு என்று பெயர். புகாரியில் வருகிற, நாமெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரு துஆவில் கவலைக்கும் துக்கத்துக்கும் அடுத்தபடியாக இயலாமையும் சோம்பலும் வருகின்றன. கட்டிலில் கிடக்கிற புரோஷின் படத்தைப் பார்த்த பிறகு அந்த வரிசை எனக்குப் புதிதாகத் தெரிந்தது. சோகம் ஓர் ஆளின் கையையும் காலையும் கட்டிப்போடும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

அத்தியாயம் அதற்கப்பால் இன்னும் இருண்ட இடத்துக்குப் போகிறது. உயிரோடு இருப்பதில் இனி நாட்டமில்லை என்ற நிலை அவருக்கு வருகிறது. அதை வேண்டியவர்களிடம் சொல்லவேண்டி வருகிறபோது, அவர்கள் அதிர்ந்து போக, நோயாளியே அவர்களைத் தேற்றவேண்டி ஆகிறது. இவ்வளவு பயங்கரமான விஷயத்தில் இப்படி ஓர் அபத்தம் இருக்கிறது என்பதை அனுபவித்தவர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். பிறகு வைத்தியரிடம் போகிறார், மருந்து எடுக்கிறார். ஒரு நாள் குசினித் தரையில் விழுந்து காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும்போது, பிரிட்ஜுக்கு அடியில் காய்ந்து சுருங்கிய ஒரு சோளமணி கண்ணில் படுகிறது. சிரிப்பு வருகிறது. அடக்க முடியாத, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. ஏன் என்று அவருக்கும் தெரியாது. அந்தச் சோளமணியில் விசேஷம் எதுவும் இல்லை. நாவலாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சூரியோதயத்தை வைத்திருப்பார், ஒரு குழந்தையின் சிரிப்பை வைத்திருப்பார். நம் பக்கத்துச் சிறுகதையாசிரியர் பாங்கோசையை வைத்திருப்பார். புரோஷ் சோளமணியை வைத்தார், ஏனென்றால் அதுதான் நடந்தது. மெய்ப்பாட்டியலில் அழுகையும் நகையும் அடுத்தடுத்து நிற்பதன் பொருள் எனக்கு விளங்கியது, உரைகளைப் படித்ததை விட, இந்தக் கோணல் படத்தில்தான்.

உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். குச்சி மனிதனுக்கு மூக்கும் காதும் இல்லையே என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் முகம் வரைந்தால்தான் இந்த வகைக் கிறுக்கல் என்றில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை. வீட்டில் ஆட்களை வரையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேத்தலை வரைந்திருந்தாள். மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. கீழே எழுதியிருந்தது: "கொதிச்சாத்தான் ஆக்கள் திரும்பிப் பாப்பாங்க." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கேத்தல் யாரு புள்ள?" என்று கேட்டேன். "சும்மா கிறுக்கினன் டீச்சர்" என்றாள். நான் அதோடு விட்டேன். ஆனால் இடைவேளையில் பக்கத்தில் போய் இருந்துகொள்வதை வழக்கமாக்கினேன். மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ அவளே சொன்னாள். உம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம். காலையில் எழும்பித் தேத்தண்ணி வைத்து, தம்பிமார் இருவரையும் வெளிக்கிடுத்தி விட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறாள். வீட்டில் அவளைக் கூப்பிடுகிற சத்தம் வருவது தேத்தண்ணி பிந்தினால் மட்டும்.

இதிலிருந்து, பிள்ளைகளின் கிறுக்கலைப் பார்த்துச் சாத்திரம் சொல்லலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். கூரான முக்கோணம் வரைந்தால் கோபம், வட்டம் வரைந்தால் தனிமை என்று சொல்கிற புத்தகங்கள் கடைகளில் கிடக்கின்றன; எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. அலுப்புத் தட்டினால் பிள்ளை கிறுக்கும், அவ்வளவுதான் பெரும்பாலும். அது கெட்ட பழக்கமும் அல்ல. பிரித்தானிய உளவியலாளர் ஜாக்கி அன்ட்ராடே 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 40 பேருக்குச் சலிப்பூட்டுகிற தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டி, பாதிப்பேரிடம் தாளிலுள்ள சின்ன உருவங்களை நிழல் தீட்டிக்கொண்டே கேட்கச் சொன்னார். தீட்டியவர்கள் மற்றவர்களை விட 29 சதவீதம் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆகவே கொப்பியைப் பறிக்காதீர்கள். கிறுக்கலின் பக்கத்தில் வசனம் இருந்தால், அந்த வசனத்தில் பகிடி இருந்தால், அந்தப் பகிடி வரைந்தவரையே குத்தினால், அப்போது கொஞ்சம் நில்லுங்கள். விளக்கம் கேட்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள். பேச்சு உயிரைப் பற்றியதாகத் திரும்பினால் அது ஆசிரியர் தனியாகச் சுமக்கிற பாரமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 1974 முதல் இயங்குகிற சுமித்ரயோ இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது ஈமானுக்கு ஒரு குறையும் வைக்காது.

புரோஷுக்குப் பிறகு இந்த வகை பெருகிவிட்டது. இங்கிலாந்தின் ரூபி எலியட் 2016இல் தன் கிறுக்கல்களை ஒரு நூலாக்கினார். ஒட்டடைக்கோல் மாதிரி மனிதர்கள், மெல்லிய நடுங்கும் கோடு, நல்ல வேலை. ஆனால் பின்னால் வந்த பலருடையதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சோகமான ஓர் உருளைக்கிழங்கு, அழுகிற ஒரு மேகம், கீழே 'நானும் இப்படித்தான்' என்று சொல்ல வைக்கிற ஒரு வசனம். அது கோப்பையிலும் ரீசேர்ட்டிலும் அச்சாகி விற்கிறது. இருட்டை எடுத்துவிட்டுப் பகிடியை மட்டும் வைத்துக்கொண்டால் சோகம் ஓர் அலங்காரமாகிவிடும். ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஒப்பாரிக்காரி எத்தனை வீட்டில் பாடினாலும் அந்த வீட்டு மையத்தின் பெயரும் உறவும் உள்ளே வராவிட்டால் அது ஒப்பாரியல்ல, வெறும் இராகம். புரோஷின் படங்களில் அந்தப் பெயரும் உறவும் இருக்கின்றன: அந்தத் தொப்பிச் சட்டை, அந்தக் குசினித் தரை, அந்தச் சோளமணி. உருளைக்கிழங்குக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

இரண்டாவது புத்தகம், 'சொலூஷன்ஸ் அன்ட் அதர் புரொப்ளம்ஸ்', 2020இல்தான் வந்தது. பல வருஷம் முன்னமே வருவதாக அறிவித்துப் பிந்திய புத்தகம். இடையில் அவருடைய தங்கை இறந்தார், அவருக்கே கடும் சுகவீனம், விவாகரத்து. 500 பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் பெரிய நூலில் நான்காம் அத்தியாயம் இல்லை. மூன்று முடிய ஐந்து வருகிறது. எல்லாம் நடக்க வேண்டிய மாதிரி நடப்பதில்லை என்பதுதான் அதற்கு அவர் தருகிற விளக்கம். தங்கையைப் பற்றிய பகுதியில் பகிடி மிகக் குறைவு. இடம் பார்த்து அதை நிறுத்தவும் தெரிந்த கை அது.

இந்தப் புத்தகங்கள் தமிழில் வந்ததாக நான் காணவில்லை. வந்தால் மொழிபெயர்க்கிறவர் பாடுபடுவார். மன அழுத்தம் என்று போட்டால் வேலைப்பளு என்று வாசிப்பார்கள்; மனச்சோர்வு என்று போட்டால் இரண்டு நாள் படுத்து எழும்பினால் சரியாகும் என்று நினைப்பார்கள். அசைவு என்று போடலாம் என்றால் தொல்காப்பியத்தை வெளியே வைத்துப் பூட்டிய தலைமுறை இது. உயர்தர வகுப்பில் உவமை படிப்பிக்கும்போது அந்த மீன் பகுதியை மட்டும் என் சொல்லில் சொல்லிக் காட்டினேன். எங்கள் ஊர் கடற்கரை ஊர். மீன் செத்துவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று வகுப்பிடம் கேட்டேன். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் யோசிக்காமல் சொன்னான்: "கருவாடு போடலாமே டீச்சர்." வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். முன் வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் திரும்பி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியா, இவனும் வழி சொல்றான்."